கேட்டதுக்கு மட்டும் பதில்

ஆமா சார், மிலிட்டரிதான். எப்படிக் கண்டுபிடிச்சீங்க, மீசையை வெச்சா, உக்கார்ற தோரணையை வெச்சா? ரிட்டையர் ஆகி இத்தினி வருசம் ஆச்சு, முதுகு இன்னும் பஸ் சீட்ல சாயல பாருங்க. இருபத்து நாலு வருசம் சர்வீஸ். நாயக் சம்பங்கி. பேர்ணாம்பட்டுக்கு அந்தாண்ட ஒரு கிராமம். அங்க போய் சம்பங்கின்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. மிலிட்டரி வூடு எதுன்னு கேட்டா கையைப் புடிச்சிக் கொண்டாந்து விடுவாங்க. விட்டுகினு இருந்தாங்க. இப்ப எப்படியோ.

எந்த ரெஜிமென்ட்னு கேக்கறீங்க. பாருங்க, நீங்களும் அதையேதான் கேக்கறீங்க. வக்கீலம்மாவும் அதான் கேட்டாங்க. ரெஜிமென்ட் இன்னான்னு கேட்டாங்க, ரெஜிமென்ட் பேரைச் சொன்னேன். ரெஜிமென்ட்டுக்குள்ள உனக்கு இன்னா வேலைன்னு அப்போ யாரும் கேக்கல. கேக்காததுக்குப் பதில் சொல்றது பட்டாளத்துல பழக்கம் இல்ல சார். பின்னால வந்து, ஏன் சொல்லலன்னு கேட்டா?

நீங்களே சொல்லுங்க. ஒரு மனுசனுக்குத் துப்பாக்கியைப் பத்திப் பேசத் தகுதி இருக்குதா இல்லியான்னு எதை வெச்சு முடிவு பண்ணுவீங்க? அவன் இன்னா சொல்றான்னு பாப்பீங்களா, அவன் யாருன்னு பாப்பீங்களா? நான் சொன்னது கரெக்டா இருந்துச்சு. கடைசியில ஐகோர்ட்டே அதைத்தான் சொன்னுச்சு. ஆனா கோர்ட்டுக் கூண்டுல ஏறி நான் சொன்னப்போ சிரிச்சாங்க. ஜட்ஜ் ஐயா சிரிக்கல, அதை ஒத்துக்கணும். மத்தவங்க எல்லாரும் சிரிச்சாங்க.

விஷயம் இன்னான்னா, கன்னியப்பன்னு எனக்கு ஒரு சிநேகிதன். ஒரே ஊரு, ஒரே ஆள்சேர்ப்புல ஒண்ணாப் போய் நின்னோம், ஒரே பெட்டாலியன். அவன் ரைஃபிள் கம்பெனி. பனி மலையில எல்லாம் இருந்தவன். பேசமாட்டான். நாம பத்து வார்த்தை பேசினா அவன் ஒரு வார்த்தை பேசுவான், அதுவும் "உம்"னு இருக்கும். ரிட்டையர் ஆனப்புறம் டவுன்ல ஒரு கூட்டுறவு பேங்க்ல வாட்ச்மேன் வேலை கிடைச்சுது. நகைக்கடன் குடுக்கற பேங்க், அதனால துப்பாக்கியோட வாட்ச்மேன். ரெட்டைக்குழல் துப்பாக்கி, பேங்க்கோடதுதான், ரொம்பப் பழசு. வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்துகினு இருப்பான்.

அந்த பேங்க்ல நகையை உரசிப் பாக்கற அப்ரைசர் ஒருத்தர், பத்மநாபன்னு பேரு. அவருக்கும் இவனுக்கும் ஃபேன் தகராறு. உள்ள ஒரே ஒரு ஃபேன்தான் நல்லாக் காத்து வரும். வெயில் காலத்துல இவன் ஸ்டூலை அதுக்கடியில கொண்டாந்து போட, அவரு வெளியில தூக்கிப் போட, தினம் இதே கூத்து. ஒரு நாள் இவன் சொல்லியிருக்கான், "இன்னொரு வாட்டி ஸ்டூல்ல கை வெச்சா சுட்டுப்புடுவேன்." பேங்க்ல எல்லாரும் சிரிச்சாங்க. அவரும்தான் சிரிச்சாரு. எப்பவும் பேசாதவன் பேசினான்னு எல்லாருக்கும் ஞாபகம் இருந்துச்சு. அதான் வினை.

அடுத்த வாரம் மத்தியானம். இவன் துப்பாக்கியைச் சுவத்துல சாய்ச்சு வெச்சிட்டுத் தண்ணி குடிக்கப் போறான். வழவழன்னு டைல்ஸ் தரை. துப்பாக்கி வழுக்கி வுழுது. வுழுந்த அதிர்ச்சியில வெடிக்குது. கவுண்டருக்குப் பின்னாடி இருந்த பத்மநாபன் வயித்துல குண்டு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே உயிர் போயிடுச்சு. அவருக்கு ரெண்டு பசங்க சார், சின்னப் பசங்க. பாவம்தான். நான் இல்லேன்னு சொல்லல.

பேங்க்ல இருந்த நாலு பேரும் தலையைக் குனிஞ்சி எழுதிகினு இருந்தவங்க. துப்பாக்கி வுழுந்ததை யாரும் பாக்கல, சத்தத்தைத்தான் கேட்டாங்க. நிமிந்து பாத்தா கன்னியப்பன் கையில துப்பாக்கி. வுழுந்ததை ஓடிப்போய் எடுத்திருக்கான், பழக்கதோசம், பட்டாளத்தான் ஆயுதத்தைத் தரையில விடமாட்டான். போலீஸ் வந்துச்சு. "சுட்டுப்புடுவேன்னு சொன்னியா?" "சொன்னேன்." "கையில துப்பாக்கி இருந்துச்சா?" "இருந்துச்சு." முடிஞ்சிது கேஸ். லேபுக்கு அனுப்பினாங்க. துப்பாக்கி நல்லா வேலை செய்யுதுன்னு லேப்ல இருந்து எழுதி வந்துச்சு. வேலை செய்யுதான்னுதான் போலீஸ்ல கேட்டிருந்தாங்க. கீழ வுழுந்தா தானா வெடிக்குமான்னு யாரும் கேக்கல, அவங்களும் பாக்கல. அதான் சொல்றேனே, உலகமே கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்லிகினு இருக்குது. என்னை மட்டும் புடிச்சிக்கினாங்க.

கன்னியப்பன் பொண்டாட்டி பூங்காவனம் நகையை வித்து ஒரு வக்கீலம்மாவைப் புடிச்சுது. நல்ல வக்கீல், சின்ன வயசு. நான்தான் கூடப் போனேன். முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துக்கு அப்போ நான்தான் தலைவர். சுதந்திர தினத்துக்கு ஸ்கூல்ல கொடியேத்தறது, எவனாவது துப்பாக்கி லைசென்ஸ் கேட்டு மனு போட்டா யோசனை சொல்றது, எல்லாம் நான்தான். அந்தம்மா சொன்னாங்க, "துப்பாக்கி தானா வெடிச்சிருக்கலாம்னு சொல்ல, விவரம் தெரிஞ்ச சாட்சி ஒருத்தர் வேணும். வேலூர்ல துப்பாக்கிக் கடை வெச்சிருக்கற கவுஸ் பாய்தான் இதை ரிப்பேர் பாத்திருக்கார். நான் கேட்டேன், வரமாட்டேங்கறார். லைசென்ஸுக்கு ஏதாவது ஆயிடும்னு பயப்படறார். இன்னும் ரெண்டு மூணு வாட்டி போய்ப் பேசினா வருவார்னு நினைக்கறேன்."

நான் சொன்னேன், "எதுக்கும்மா கடைக்காரன் கால்ல வுழணும்? நான் இருக்கேன்."

அந்தம்மா என்னைப் பாத்தாங்க. "உங்களுக்குத் துப்பாக்கி பத்தித் தெரியுமா ஐயா?"

"இருபத்து நாலு வருசம் பட்டாளத்துல இருந்தவனைப் பாத்துக் கேக்கற கேள்வியாம்மா இது?"

"எந்த ரெஜிமென்ட்?"

சொன்னேன். எழுதிக்கினாங்க. அவ்ளோதான். சத்தியமா அவ்ளோதான் கேட்டாங்க.

அப்புறம் ஜெயில்ல மனு போட்டுக் கன்னியப்பனைப் பாக்கப் போனோம், நானும் பூங்காவனமும். கம்பிக்கு அந்தாண்ட நின்னுகினு இருக்கான், கன்னம் ஒட்டிப் போயி. நான் சந்தோசமாச் சொன்னேன், "கவலைப்படாதே, நான் கூண்டுல ஏறிப் பேசறேன். நிபுணர் சாட்சி."

அவன் என்னையே பாத்துகினு இருந்தான். பொண்டாட்டியைப் பாத்தான். திரும்ப என்னைப் பாத்தான். "பாய் வரமாட்டாராடா?"

"பாய் கடைக்காரன்டா. நான் பட்டாளத்தான்."

"வேணாம்டா சம்பங்கி."

எனக்குச் சிரமம் குடுக்கக் கூடாதுன்னு நினைக்கறான், அப்படித்தான் நான் எடுத்துக்கினேன். "இதுல இன்னாடா சிரமம், உனக்காக இதுகூடச் செய்யமாட்டேனா?"ன்னேன். "சரி"ன்னான். அவன் சரின்னு சொன்னானா இல்லியா? பூங்காவனம் பக்கத்துலதான் நின்னுகினு இருந்துச்சு, அதுவே சாட்சி. என் மேல பழி போடறவங்க இதை மட்டும் சொல்றதே இல்ல.

கோர்ட்டு அன்னிக்கு யூனிஃபார்ம் போட முடியாது. கோட்டுல மெடலைக் குத்திக்கினு போனேன். நம்ம ஊர்ல இருந்து வேன் வெச்சு வந்திருந்தாங்க. மிலிட்டரி கூண்டுல ஏறுதுன்னு சொன்னா சும்மாவா? வக்கீலம்மா கேக்கக் கேக்க டாண் டாண்னு சொன்னேன். பழைய துப்பாக்கியில உள்ளாற கொக்கி தேஞ்சு போயிருக்கும், கீழ இடிச்சா விசையை யாரும் தொடாமலேயே சுத்தியல் வுழும், தோட்டா வெடிக்கும். எப்படித் தெரியும்னா? அந்தம்மா ஒரு புஸ்தகத்துல இருந்து படிச்சுக் காட்டியிருந்தாங்க. ஆனா நம்ம அனுபவத்தோட சேத்துத்தானே சொல்றோம். நம்ம ஊரு ஆளுங்க நிமிந்து உக்காந்தாங்க.

அப்புறம் அரசாங்க வக்கீல் எழுந்தாரு. வயசானவரு, மெதுவாப் பேசுவாரு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுகினே கேட்டாரு.

"ஐயா, ராணுவத்துல எத்தனை வருசம்?"

"இருபத்து நாலு."

"நாட்டுக்காக உழைச்சிருக்கீங்க, ரொம்ப மரியாதை. ரெஜிமென்ட்ல உங்களுக்கு என்ன பொறுப்பு?"

"சிப்பாயாச் சேர்ந்து நாயக்கா ஓய்வு பெற்றேன்."

"அது பதவி. வேலை என்ன?"

நான் சொன்னேன், "ரெஜிமென்ட் கடமை."

"தினமும் காலையில எழுந்து என்ன பண்ணுவீங்க?"

"பரேடு."

"பரேடுல கையில என்ன இருக்கும்?"

சார், அந்த ஆளுக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கு. பதிவேடு எல்லாம் வரவழைச்சு வெச்சிகினு, ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்கறாரு. நான் கூண்டுக் கட்டையைப் புடிச்சிக்கினேன். சத்தியம் பண்ணியிருக்கேன். பொய் சொல்ற வம்சம் இல்ல நாங்க.

"கிளாரினெட்."

"சரியாக் காதுல விழல."

"கிளாரினெட்டு! பேண்டு!"

பின்னாடி யாரோ களுக்குன்னாங்க. அப்புறம் ரெண்டு பேரு. அப்புறம் நம்ம ஊரு வேன்ல வந்தவங்க எல்லாரும். ஒருத்தன் சொன்னது இன்னமும் காதுல இருக்குது. "அப்போ அதே அப்பன் தொழில்தானா?"

உங்களுக்குப் புரியாது சார். எங்கப்பா நாதஸ்வரம். சுத்துப்பட்டு ஊர்ல எந்தக் கல்யாணமானாலும் எங்கப்பாதான். தாலி கட்ற வரைக்கும் வாங்க வாங்கன்னுவாங்க. தாலி கட்டினப்புறம் பந்தி மேல பந்தி போவும், எல்லாரும் தின்னு முடிச்சு, எலை எடுத்து, கூட்டிப் பெருக்கினப்புறம் எங்களைக் கூப்புடுவாங்க. சின்ன வயசுல நான் பசியில தூங்கிப் போயிருக்கேன், சுருதிக்கு வெச்சிருக்கற ஒத்துப் பெட்டி மேல தலையை வெச்சு. ஒரு கல்யாணத்துல கன்னியப்பன் அவங்க அம்மா எலையில இருந்து ஒரு லட்டைக் கொண்டாந்து குடுத்தான். அப்பவே முடிவு பண்ணிட்டேன், இந்த வேலை வேணாம். மீசை வெச்சுகினு, பூட்ஸ் போட்டுகினு, ஊருக்குள்ள நடந்து வரணும். அதுக்குத்தான் பட்டாளம்.

போனா, ட்ரெயினிங்ல எல்லாருக்கும் மூச்சு வாங்குது, எனக்கு வாங்கல. சுபேதார் கூப்பிட்டு, உங்கப்பா இன்னா தொழில்னு கேட்டான். சொல்லித் தொலைச்சேன். ரைஃபிள் புடிக்கக் கத்துக் குடுத்த கையோட கிளாரினெட்டைக் குடுத்துட்டானுங்க. ஊருக்கு லீவுல வரும்போது இதை எதுக்குச் சொல்லணும்? யார் கேட்டாங்க? மீசையைப் பாத்தாங்க, பூட்ஸைப் பாத்தாங்க, மிலிட்டரின்னாங்க. நானா சொன்னேன்?

பேண்டுன்னா இளப்பமா? சண்டைன்னு வந்தா பேண்டுக்காரன் வாத்தியத்தைக் கீழ வெச்சிட்டு ஸ்ட்ரெச்சர் தூக்கணும், தெரியுமா? மலை மேல இருந்து குண்டு பட்ட பசங்களைத் தோள்ல தூக்கினு இறங்கினவன் நான். ஒரு பையன் கீழ வர்ற வரைக்கும் என் காதுல அவங்க அம்மா பேரைச் சொல்லிகினே வந்தான், கீழ வந்தப்போ பேச்சு இல்ல. குண்டு இன்னா பண்ணும்னு எனக்குத் தெரியாதா? கோர்ட்டுல அதைச் சொல்ல வாயெடுத்தேன். அரசாங்க வக்கீல் கையைக் காட்டினாரு. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும் ஐயா."

அதோட விடல. அந்தத் துப்பாக்கியைக் கொண்டாந்து கையில குடுத்து, "இதைத் திறந்து காட்டுங்க"ன்னாரு. அது சிவிலியன் சரக்கு சார், ஆர்மியில அந்த மாதிரி கிடையாது. மேல தாழ்ப்பா மாதிரி ஒண்ணு இருக்குது. இடது பக்கம் தள்ளினேன். அசையல. அழுத்தித் தள்ளினேன். அசையல. துரு ஏறியிருக்குன்னேன். கோர்ட்டு கான்ஸ்டபிள் வந்து கட்டை விரலால வலது பக்கம் லேசாத் தொட்டான், வாழைப்பழம் மாதிரி மடங்கிச்சு. மறுபடியும் சிரிப்பு.

ஜட்ஜ் ஐயாதான் சிரிக்கலியே. அவரு குனிஞ்சு, ரொம்ப மரியாதையாக் கேட்டாரு. "இந்த மாதிரித் துப்பாக்கியை இதுக்கு முன்னாடி எப்பவாவது பிரிச்சுப் பாத்திருக்கீங்களா?"

நான் சொன்னேன், "ஐயா, பிரிச்சுப் பாத்தாத்தான் உண்மை தெரியுமா? நான் சொன்னது உண்மையா இல்லியா, அதை இப்பவே கீழ போட்டுப் பாருங்க!"

நல்ல பதில்தானே சார்? இன்னிக்கும் சொல்றேன், நல்ல பதில். அவரு அதை எழுதிக்கல. கன்னியப்பன் குற்றவாளிக் கூண்டுல நின்னுகினு என்னையே பாத்துகினு இருந்தான். அவனும் சிரிக்கல, தலையையும் குனியல. கண்ணு மட்டும் கலங்கியிருந்துச்சு. தண்டனை வந்துடுமோன்னு பயம்னு நினைச்சேன்.

தண்டனை வந்துச்சு. ஏழு வருசம். குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புல நிபுணர்னு வந்தவருக்குத் துப்பாக்கி பத்தி எந்த அறிவும் இருக்கறதாத் தெரியல, அவர் சொன்னதை இந்தக் கோர்ட்டு கணக்குல எடுத்துக்கலன்னு தீர்ப்புல எழுதியிருந்துச்சு. வேற சாட்சி இல்ல.

வராண்டாவுல பூங்காவனம் என்கிட்ட வந்துச்சு. கத்தும்னு நினைச்சேன். கத்தியிருந்தா நானும் நாலு வார்த்தை பதில் பேசியிருப்பேன். கத்தல. "அண்ணே, நீங்க பேண்டுன்னு அவருக்குத் தெரியுமா?"ன்னு கேட்டுச்சு.

"ஒரே பெட்டாலியன்மா. தெரியாம இருக்குமா?"

"எங்கிட்டகூட ஒரு நாளும் சொல்லலியே அந்த மனுசன்."

அவ்ளோதான். போயிடுச்சு. அதுக்கப்புறம் இன்னி வரைக்கும் என்கூட ஒரு வார்த்தை பேசல. சரி, பேச வேணாம். அவன் சொல்லாம இருந்ததுக்கு நான் இன்னா பண்ண முடியும்? நான் சொல்லாதேன்னு அவன்கிட்ட கேட்டேனா? லீவுல முதல் தடவை ஒண்ணா ஊருக்கு வந்தப்போ, பஸ்ஸை விட்டு இறங்கறப்போ, நான் அவன் மூஞ்சியைப் பாத்தேன், அவன் என் மூஞ்சியைப் பாத்தான். அவ்ளோதான் நடந்துச்சு.

அப்புறம் ஊர்ல நான் பட்டது தனிக்கதை. சங்கத் தலைவர் பதவியில இருந்து நானே விலகிட்டேன். விலகுன்னு அவங்க சொல்றதுக்கு முன்னாடியே. ஸ்கூல்ல கொடியேத்த வேற ஆளைக் கூப்பிட்டாங்க. பசங்க என்னைப் பாத்தா "பீப்பீ மிலிட்டரி"ன்னு கத்திட்டு ஓடுதுங்க. ஒருத்தன் வூடு தேடி வந்து, "மாரியம்மன் திருவிழாவுக்கு வாசிக்கறியா, இன்னா கேக்கறே?"ன்னான். செருப்பைக் கழட்டினேன். ஓடிட்டான். தப்பு பண்ணவன்தான் தலையைக் குனியணும். நான் குனியல. தெருவுல அதே நடை, அதே மீசை.

பூங்காவனம் இன்னா பண்ணுச்சு தெரியுமா? வேலூருக்குப் போயி அந்த கவுஸ் பாய் கடை வாசல்ல உக்காந்துச்சாம். சண்டை போடல, அழுவல, சும்மா உக்காந்துச்சாம். கடை திறக்கறப்போ போவுமாம், மூடறப்போ எழுந்து வருமாம். பாய் டீ வாங்கிக் குடுத்தா குடிக்குமாம். எத்தினி நாளோ. ஒரு நாள் பாயே எழுந்து, "வாம்மா, வக்கீலைப் பாக்கலாம்"னு சொன்னாராம். துப்பாக்கியில கொக்கி தேஞ்சிருக்கு, மாத்தணும்னு பேங்க் மேனேஜர்கிட்ட தான் எழுதியே குடுத்ததா அவரு ஐகோர்ட்டுல பிரமாணம் பண்ணாரு. மறுபடி லேபுக்கு அனுப்பச் சொன்னாங்க. இந்தத் தடவை சரியான கேள்வி கேட்டு அனுப்பினாங்க. கீழ இடிச்சா வெடிக்குதுன்னு பதில் வந்துச்சு. யாரும் விசையைத் தொடாமலேயே! குண்டு போட்ட துப்பாக்கியை அலட்சியமாச் சாய்ச்சு வெச்சது குத்தம், அதுக்கு உள்ள இருந்த வரைக்கும் போதும்னு விட்டுட்டாங்க. அதுக்குள்ள மூணு வருசம் கிட்ட ஆயிடுச்சு.

இப்ப சொல்லுங்க. நான் கூண்டுல சொன்னது இன்னா? அதே கொக்கி. அதே சுத்தியல். பாய் சொன்னதும் அதான், லேப் சொன்னதும் அதான். முதல்ல சொன்னது யாரு? அந்தத் தீர்ப்பு வந்த பேப்பரைக் கையில வெச்சிகினு டீக்கடையில நின்னு சத்தமாப் படிச்சேன்.

கன்னியப்பன் வெளிய வந்தான். நான் வூட்டுக்குப் போனேன். வாசக்கட்டில்ல உக்காந்திருந்தான், பாதி ஆளா ஆயிட்டான். தலை பூரா நரை. "பாத்தியாடா, நான் சொன்னதுதான் கடைசியில நின்னுச்சு"ன்னேன். அவன் என்னை நிமிந்து பாத்தான்.

"ஆமாடா. நீ சொன்னது நெசம்தான்"ன்னான்.

கேட்டீங்களா? அவன் வாயாலயே சொன்னான். பூங்காவனம் டீயைக் கொண்டாந்து என் பக்கத்துல வெச்சிட்டு உள்ள போயிடுச்சு. சக்கரை போடாத டீ. மறந்திருக்கும்.

போன மாசம் அவனே என் வூட்டுக்கு வந்தான். பொண்ணு யசோதாவுக்குக் கல்யாணம் வெச்சிருக்குன்னு பத்திரிகை குடுத்தான். குடுத்துட்டுப் போவாம நின்னுகினே இருந்தான்.

"இன்னாடா?"

"நீ வாசிக்கணும்டா."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிடுச்சு. "யாரு சொல்லி அனுப்பினது, உன் பொண்டாட்டியா? ஊரு முன்னாடி என்னைப் பீப்பீ ஊத வெச்சுப் பாக்கணுமா உங்களுக்கு? பழி வாங்கறியா?"

"இல்லடா" அப்படின்னான். அவன் அவ்ளோ பேசி நான் கேட்டதே இல்ல சார். "உள்ள இருந்தப்போ காலையில எழுந்திருக்கவே முடியாதுடா. எதுக்கு எழுந்திருக்கணும்னு இருக்கும். அப்போ பட்டாளத்துல விடியக்காத்தால நீங்க வாசிப்பீங்களே, அது காதுல கேக்கும். மத்தவங்க வாத்தியம் ஒண்ணும் கேக்காது, உன்னுது மட்டும் தனியாக் கேக்கும். அத்தக் கேட்டுகினுதான் எழுந்து உக்காருவேன். யசோதா கல்யாணத்துல அது கேக்கணும்னு எனக்கு ஆசை."

"நான் பட்டாளத்தான்டா. கல்யாணத்துக்கு வாசிக்கற ஜோலி என் அப்பனோட போச்சு."

"முதல் பந்தியில உக்கார வெச்சு நானே பரிமாறுவேன்டா."

"முடியாது."

"புடிக்கலன்னா வேணாம். சாப்புட வா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான்.

இன்னிக்குத்தான் கல்யாணம். பத்தரைக்கு முகூர்த்தம். நான் போகல. ஏன் போகணும்? போனா பூங்காவனம் மூஞ்சியைத் திருப்பிக்கும். ஊர்ல இருந்தா மைக்செட்டு சத்தம் வூட்டுக்குள்ள கேக்கும். அதான் விடிஞ்சதும் கிளம்பி முதல்ல வந்த பஸ்ல ஏறிட்டேன். கிருஷ்ணகிரியில எனக்கு யாரும் இல்ல, சும்மா ஒரு டீயைக் குடிச்சிட்டுத் திரும்ப வேண்டியதுதான். பயந்து ஓடி வந்தேன்னு நினைக்காதீங்க. மானம்னு ஒண்ணு இருக்குது.

வாசிக்கறதா? இப்பவா? எங்க சார், அதெல்லாம் விட்டு எத்தினியோ வருசம். பெட்டியில கிடக்குது. போன வாரம் வாயில வெச்சு ஊதற ரீடு மட்டும் புதுசு மாத்தினேன். மழைக்காலம் பாருங்க, அப்படியே விட்டா கெட்டுப்போயிடும். ரீடு மாத்தினா ஊதிப் பாக்காம இருக்க முடியாதில்ல. கதவைச் சாத்திக்கினு லேசா ஊதிப் பாத்தேன். மூச்சு நிக்குது. இந்த வயசுலயும் நிக்குது.

மணி இன்னா சார்? பத்து நாப்பதா? அப்போ தாலி கட்டியிருப்பாங்க.

ஆம்பூர்ல இருந்து ஒரு மேள செட்டைப் புடிச்சிருக்கான்னு கேள்வி. நான் அவங்களை ஒரு தடவை கேட்டிருக்கேன், ஒரு சாவு ஊர்வலத்துல. மேளக்காரன் பரவாயில்ல. அந்தக் கிளாரினெட்டுக்காரன் இருக்கான் பாருங்க, அவன் நடுவுல மூச்சு விடுவான். யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். முடிச்சு விழற நேரத்துல மூச்சு விடக் கூடாது சார். மத்த எந்த இடத்துல வேணா விடலாம். அந்த இடத்துல விடவே கூடாது.